பக்கத்து மாடி சன்னலை எந்தச் செடி மறைக்கும்? நெட்டிலிங்கம், கோனோகார்பஸ், மூங்கில், நம்மூர்க் கலவை

மனைகள் சிறுத்துவிட்டதால் பக்கத்து மாடி சன்னல் நேராக நம் முற்றத்தைப் பார்க்கிறது. மதிலை உயர்த்தினால் காற்று நின்றுபோகும். எனவே வருடம் முழுக்க இலை நிற்கிற பச்சை மறைப்புதான் வேண்டும். சென்னை முதல் கடலூர் வரையான கடலோர மண்ணை மனதில் வைத்து ஒப்பிடுகிறேன்.

மதிலுக்கும் வீட்டுக்கும் நடுவே மூன்றடிதான் இருக்கிறதா? சரி, நெட்டிலிங்கமே நடுங்கள். கிளைகள் கீழ்நோக்கித் தொங்குவதால் அகலம் எடுக்காது, முப்பதடிக்கு மேலும் உயரும். பழத்துக்குக் குயிலும் வௌவாலும் வரும். ஆனால் தனியாக வரிசை பிடித்து நட்டால் அணிவகுப்பில் நிற்கும் சிப்பாய்கள் மாதிரிதான் தெரியும். வயதாக ஆக அடியில் இலை குறைந்து, ஆள் உயரத்திலேயே இடைவெளி விழும்.

கோனோகார்பஸ் சீக்கிரம் அடர்ந்துவிடும் என்பதால் நர்சரிகளில் நிறைய விற்றது. சோமாலியா, ஏமன் பக்கத்து மரம். வேர் குழாய்களைத் தேடிப் போகும். மகரந்தம் ஒவ்வாமை தரும் என்ற புகாரும் உண்டு. குஜராத் அரசு 2023இல் இதை நடத் தடை விதித்தது. இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

மூங்கிலில் கொத்தாக வளரும் வேலி மூங்கில் மட்டும் சரிப்படும். அசைவும் சலசலப்பும் அழகு. சருகு கூட்டி மாளாது, தண்ணீரும் கேட்கும்.

ஐந்தாறு அடி இடம் இருந்தால் என் ஓட்டு நம்மூர்ச் செடிகளின் கலவைக்குத்தான். புதுச்சேரிக்கு அருகே புத்துப்பட்டு அய்யனார் கோயில்காட்டுக்குள் போய்ப் பாருங்கள். வருடத்தில் சில மாதமே மழை பெய்யும் மண்ணிலும் காயா, குருந்து என்ற சிறு மரங்கள் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத அளவுக்கு அடர்ந்து நிற்கின்றன. உயரங்கள் கலந்திருப்பதால்தான் அந்த அடர்த்தி. வீட்டிலும் அதைச் செய்யலாம். பின்வரிசையில் மகிழம், நடுவில் குருந்தும் காயாவும், முன்னால் நொச்சியும் ஆடாதோடையும். நேர்கோட்டில் வைக்காமல் முன்னும் பின்னுமாக நட வேண்டும். குருந்து இலையில் கறிவேப்பிலைக்கு வரும் அதே கறுப்பு வண்ணத்துப்பூச்சி முட்டையிடும். ஆடாதோடையை ஆடு தொடாது, நொச்சியையும் பெரும்பாலும் விட்டுவிடும். தெருவோர மனைக்கு இது பெரிய நிம்மதி.

மகிழமும் காயாவும் மெதுவாகத்தான் வளரும், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவை உயரும்வரை நொச்சி தாங்கும்: போத்து (கிளைத்துண்டு) வெட்டி நட்டாலே பிடிக்கும், ஓரிரு வருடத்தில் தலைக்கு மேல் போகும். அப்புறம் மகிழம் எழும்ப எழும்ப நொச்சியைக் கழித்துவிடலாம்.

புங்கத்தையும் கிளுவையையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். புங்கம் மாசி, பங்குனி வாக்கில் கொட்டித் துளிர்க்கும். கிளுவை கோடையில் வெறும் குச்சியாக நிற்கும். அரளி பச்சையாகவே இருக்கும், ஆனால் முழுச்செடியும் விஷம்; குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது.

ஆவணி, புரட்டாசியில் நட்டால் ஐப்பசி மழையில் வேர் இறங்கிவிடும். முதல் இரண்டு கோடைக்கு மட்டும் தண்ணீர் தவறக்கூடாது.