எலிவேஷனும் செக்ஷனும் வரைய எது தோது: கையா, ஆட்டோகேடா, ஸ்கெட்ச்சப்பா, ரெவிட்டா?

பெங்களூரில் இன்டீரியர் வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். கையைத் தவிர மற்ற மூன்றும் கணினியில் வரையும் சாப்ட்வேர்கள். நான்கிலும் வேலை செய்திருக்கிறேன். எது வேகம், எது அழகு என்பதை ஓரமாக வைத்துவிடுகிறேன். அல்சூரில் எங்கள் வார்ட்ரோபுக்குப் பலகை அறுக்கும் ஆசாரி, எந்தப் படத்தைப் பார்த்தால் தப்பில்லாமல் அறுப்பார்? அந்தக் கணக்கில்தான் ஒப்பிடப்போகிறேன்.

எலிவேஷன் என்பது சுவருக்கு நேரே நின்றால் தெரிவது. செக்ஷன் என்பது அதையே மேலிருந்து கீழாக வெட்டி, வெட்டுவாயைப் பக்கத்திலிருந்து பார்ப்பது. கிச்சன் எலிவேஷனில் கதவும் கைப்பிடியும் தெரியும். நிற்பவரின் கால்விரல் நுழைய அடிப்பலகை 50 மி.மீ. உள்ளே தள்ளியிருப்பதும், 600 மி.மீ. மேடைக்கு மேலே தொங்கும் அலமாரிக்கு 350 மி.மீ. ஆழம்தான் என்பதும், கிரானைட் முன்பக்கம் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதும் செக்ஷனில்தான் தெரியும்.

இதை நான் கைக்காசு போட்டுக் கற்றேன். ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு ஃபிளாட். தரையிலிருந்து ஸ்லாப் அடிவரை 2900 மி.மீ. பரண் கதவின் தலை 2850-ல் என்று ஆட்டோகேடில் எலிவேஷன் போட்டேன். ஃபால்ஸ் சீலிங் 2700-ல் வருகிறது என்பது வேறொரு ஷீட்டில் இருந்தது. அதை வரைந்ததும் நான்தான். ஆசாரி ஆறு பரண் கதவையும் மாட்டி முடித்தார். பிறகு வந்த சீலிங்காரர்கள் ஜிப்சம் போர்டைக் கதவின் முகம்வரை கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒரு கதவும் திறக்கவில்லை. ஒவ்வொன்றின் தலையும் 150 மி.மீ. போர்டுக்கு மேலே மாட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு செக்ஷன் குடுத்திருந்தா நானே கேட்டிருப்பேனேம்மா," என்றார் ஆசாரி அண்ணன். கதவுகளை இறக்கி, குட்டையாக அறுத்து, விளிம்புப் பட்டையை மறுபடி ஒட்டி, மேலே இருந்த இடைவெளியைப் பலகை வைத்து மூடினோம். அந்தச் செலவை வீட்டுக்காரர் தலையில் கட்ட மனசு வரவில்லை.

இந்தத் தப்பை நான்கில் எது பிடித்திருக்கும் என்று பார்த்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும்.

ஆட்டோகேட் 1982-ல் வந்தது. இன்றும் பெங்களூரில் பிளம்பிங்காரரிலிருந்து கண்ணாடிக் கடை வரை எல்லோரும் கேட்பது அந்த ஃபைலைத்தான். கோட்டின் தடிமன் நம் கையில்: வெட்டுப்படும் இடம் 0.5 மி.மீ., பின்னால் தெரிவது 0.25, வெட்டுவாய்க்குள் நிரப்பும் கோடுகள் 0.13 என்று வைத்தால் படம் தானாகப் பேசும். ஆனால் இரு பரிமாணத்தில் வரைந்த எலிவேஷனும் செக்ஷனும் ஒன்றையொன்று அறியாத வெறும் கோடுகள். சீலிங்கை இறக்கினால் இன்னொரு ஷீட்டில் இருக்கும் கதவுக்குச் சேதி போகாது. அளவு எழுத்தைக் கையால் மாற்றி எழுதும் பழக்கம் அதைவிட மோசம். கோடு 2380 இருக்கும், மேலே 2400 என்று எழுதியிருக்கும். என் ஆபீசில் இதற்கு மட்டும் நான் கோபப்படுவேன்.

ஸ்கெட்ச்சப்பில் முப்பரிமாண மாடலுக்குள் செக்ஷன் பிளேன் என்ற வெட்டுத் தளத்தை வைத்து நகர்த்தினால் அறையைக் கத்தியால் சீவியதுபோல் உள்ளே காட்டும். என் பரண் கதவுத் தப்பு அங்கே ஒரு நொடியில் பிடிபட்டிருக்கும், சீலிங்கையும் மாடலில் போட்டிருந்தால். போடாததை அது காட்டாது. இன்னொரு குறை, அதில் எல்லாச் சுவரும் நேர், எல்லா மூலையும் 90 டிகிரி. நிஜச் சுவரில் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள், மேலுக்கும் கீழுக்கும் இரண்டு நூல் (கால் அங்குலம்) வித்தியாசம் வரும். ஸ்கேலோடு ஷீட் எடுக்க அதன் துணைச் சாப்ட்வேரான லேஅவுட் வேண்டும். இணையத்தில் கிடைக்கும் இலவசப் பதிப்பில் அது இல்லை, அந்தப் பதிப்பைத் தொழிலுக்குப் பயன்படுத்தவும் அனுமதி இல்லை.

ரெவிட்டைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அதில் எல்லா ஷீட்டும் ஒரே முப்பரிமாண மாடலிலிருந்து வருபவை. பிளானில் ஒரு கோடு போட்டால் செக்ஷன் வரும், ஓரிடத்தில் உயரத்தை மாற்றினால் எல்லா ஷீட்டிலும் மாறும். வெட்டுப்பட்டதற்கும் பின்னால் தெரிவதற்கும் கோட்டுத் தடிமன் தனித்தனியே ஏற்கெனவே வகுக்கப்பட்டிருக்கும். அவுட்டர் ரிங் ரோட்டில் நான்கு மாடி ஆபீஸ் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். இரண்டு பெட்ரூம் வீட்டில் ஒவ்வொரு அலமாரியையும் அதற்குள் கட்டி எழுப்பும் நேரத்தில் ஆசாரி பாதி வேலையை முடித்துவிடுவார்.

கையால் வரைவதை இந்த வரிசையில் பாவம் பார்த்துச் சேர்த்திருப்பதாக நினைக்க வேண்டாம். பலகையில் எலிவேஷனை வரைந்து, டி ஸ்கொயரை (டி வடிவ வரைகோலை) நகர்த்தி, ஒவ்வொரு மட்டக் கோட்டையும் பக்கத்துக்கு இழுத்துச் செக்ஷன் எழுப்புவதுதான் பழைய முறை. 2850 கோட்டை இழுக்கும்போது 2700 கோடு குறுக்கே நிற்கும். கண்ணும் கையும் அங்கே நின்றுவிடும். இரண்டும் ஒரே ஸ்கேலில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் வரும் பலன் இது. எந்தச் சாப்ட்வேரும் இப்படி வைக்க வேண்டாம் என்று தடுப்பதில்லை. நாம்தான் செக்ஷனைத் தனி ஷீட்டில் தள்ளிவிட்டு மறந்துபோகிறோம். திருத்தம் வந்தால் மறுபடி வரைய வேண்டும் என்பது கையின் பெரிய சுமை. வீட்டுக்காரர்கள் ஐந்து முறை மாற்றும் ஊரில் அது தாங்காது.

சைட்டில் மட்டும் கைக்கு ஈடே கிடையாது. சிக்கலான மூலை வந்தால் அண்ணன் ஒரு பிளைவுட் பலகையைக் கிடத்தி, 19 மி.மீ. பிளையையும் 1 மி.மீ. லேமினேட்டையும் முழு அளவில் பென்சிலால் போட்டுக் காட்டச் சொல்வார். கீல் எங்கே உட்காரும், கதவு எங்கே இடிக்கும் என்பது அங்கே தீர்ந்துவிடும்.

வீட்டு வேலைக்கு என் தேர்வு ஆட்டோகேட்தான், ஸ்கெட்ச்சப் மாடலில் சீலிங், பீம், ஏசி பைப் எல்லாம் போட்டு ஒருமுறை வெட்டிப் பார்த்த பிறகு. வாடிக்கையாளருக்கு அந்த மாடல், ஆசாரிக்கு ஏ3 தாள். 1:20-ல் 3600 மி.மீ. சுவர் தாளில் 180 மி.மீ. வரும், அதே ஸ்கேலில் வார்ட்ரோப் செக்ஷனுக்கு 30 மி.மீ. அகலம் போதும். தரைக் கோடு, கதவுத் தலை, சீலிங் அடி மூன்றும் எலிவேஷனிலிருந்து செக்ஷனுக்குள் ஒரே கோடாக ஓட வேண்டும். ஒயிட்ஃபீல்டு வேலைக்குப் பிறகு, இந்த மூன்று கோடும் ஓடாத தாளை அல்சூருக்கு நான் அனுப்பியதில்லை.