டிராக்டர் ஹோஸ் மாற்றப் போகிறீர்களா? எனக்கு 5,900 ரூபாய் போச்சு, நீங்களாவது பார்த்து வாங்குங்க

நேற்று மத்தியானம் நடந்தது. சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவியும் கையில் ஆயில் வாடை போகவில்லை. கோபமும் போகவில்லை. முன்னே பின்னே எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஹோஸ் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எங்களுக்குச் சேரன்மகாதேவிப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனம். பிசான நெல்லுக்குத் தண்ணீர் வருவதற்குள் வயலுக்குத் தொழு உரம் அடித்து முடிக்க வேண்டும். இந்த நேரம் பார்த்து டிப்பர் டிரெய்லரின் தொட்டியைத் தூக்குகிற ஜாக்குக்கு ஆயில் கொண்டுபோகிற ரப்பர் ஹோஸ், நிப்பிள் (நுனியில் இருக்கிற இரும்பு முனை) பக்கம் கசிய ஆரம்பித்தது. முதலில் வேர்த்த மாதிரி இருந்தது, அப்புறம் சொட்டு. துணியைச் சுற்றி இரண்டு நாள் ஓட்டினோம். சரி, மாற்றிவிடுவோம் என்று கழற்றிச் சாக்கில் போட்டுக்கொண்டு 20 கிலோமீட்டர் பைக்கில் நெல்லைக்குப் போனேன்.

ஹோஸுக்குக் கிரிம்பிங் அடித்து, அதாவது நுனியில் நிப்பிளை வைத்து மெஷினில் நெரித்துக் கொடுக்கிற கடை. பெயர் போடவில்லை. பில் இல்லாமல் பெயரைப் போட்டால் என் மேலேயே கேஸ் போடுவான்.

"வாங்க அண்ணாச்சி, உக்காருங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். பையனை அனுப்பி டீ வாங்கி வரச் சொன்னார். பழைய ஹோஸை வளைத்துப் பார்த்துவிட்டு, "இது சிங்கிள் வயருல்லா? டிப்பருக்கு எப்படி அண்ணாச்சி தாங்கும்? நான் டபுள் வயர் போட்டுத் தாரேன். ஆறு மாசத்துக்குள்ள என்ன ஆனாலும் நேரா எங்கிட்ட கொண்டாங்க" என்றார். (வயர் என்றால் ரப்பருக்குள் இருக்கிற கம்பிப் பின்னல்.) விவரம் தெரிந்த ஆள் கையில் வந்து சேர்ந்தோம் என்று எனக்கு அவ்வளவு நிம்மதி. "நிப்பிள் நல்லாத்தான் இருக்கு, எதுக்கு வீண் செலவு" என்று பழைய நிப்பிளையே எடுத்துக்கொண்டார். நமக்கு மிச்சம் பிடித்துத் தருகிறார் என்று அதற்கும் சந்தோஷப்பட்டேன். போதாக்குறைக்கு ஹோஸின் முழு நீளத்துக்கும் மஞ்சள் பிளாஸ்டிக் ஸ்பைரலைச் சுற்றி, "இது நம்ம கணக்குல சும்மா" என்றார். அந்தச் சும்மாவில்தான் விழுந்தேன்.

2,800 ரூபாய். பில் கேட்டதற்கு, "பில்லுன்னா ஜிஎஸ்டி சேருமே அண்ணாச்சி" என்று காலண்டர் தாளைக் கிழித்து 2,800 என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். நானும் மடித்துப் பையில் வைத்தேன். புத்தி எங்கே போனதோ.

மாட்டி மூன்றாவது நாள், அதாவது நேற்று, நாலாவது லோடு. டிரைவர் லிவரைத் தூக்க, தொட்டி பாதிக்கு மேல் எழும்பிவிட்டது. 'டப்'பென்று ஒரு சத்தம். நிப்பிள் ஜாக்கிலேயே நிற்க, ஹோஸ் மட்டும் உருவிக்கொண்டு வந்து ஆயிலைப் பீய்ச்சியது. தொட்டி அப்படியே உரத்தோடு கீழே இறங்கி அடித்தது. எங்களிடம் வேலை பார்க்கிற பெரியவர் அதுவரை தொட்டிக்குப் பக்கத்தில்தான் மண்வெட்டியோடு நின்றார். வெற்றிலை எச்சிலைத் துப்ப வரப்புக்குப் போனதால் தப்பினார். இல்லையென்றால் நான் இன்றைக்கு இந்தப் பதிவையா எழுதிக்கொண்டிருப்பேன்?

டிரைவர் பதறி இன்ஜினை நிறுத்துவதற்குள் பத்து லிட்டருக்கு மேல் போய்விட்டது. எங்கள் வண்டியில் கியர்பாக்ஸுக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில், எனவே ஊற்றாமல் வண்டியை எடுக்கவும் முடியாது. அஞ்சு லிட்டர் கேன் இரண்டு, 3,100 ரூபாய். ஹோஸுக்குக் கொடுத்ததையும் சேர்த்தால் 5,900.

கடைக்குப் போன் போட்டேன். "ஓனர் தென்காசி போயிருக்காவ." ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால், "நீங்க ஓவர்லோடு அடிச்சிருப்பீய." மூன்றாவது தடவை எடுக்கவே இல்லை. சாயங்காலம் நேரில் போனேன். தென்காசி போன ஆள் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்! அன்றைக்கு ஸ்டூல் போட்டவர் இன்றைக்கு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பில் இருக்கா?" என்றார். காலண்டர் தாளை நீட்டினேன். "இதுல எங்க கடை பேரு எங்க இருக்கு?" அப்புறம் இரக்கப்பட்டவர் மாதிரி, "600 ரூவா தாங்க, திரும்ப அடிச்சுத் தாரேன்" என்றார். சண்டை போட்டுப் பார்த்தேன். பக்கத்துக் கடைக்காரர் வந்து, "விடுங்க அண்ணாச்சி" என்று என்னைத்தான் சமாதானப்படுத்தினார்.

வீட்டுக்கு வந்து அந்த மஞ்சள் ஸ்பைரலைப் பிரித்தேன். உள்ளே ரப்பர் மேல் அச்சடித்திருக்கிறது, ஆர்1ஏடி என்று. அதாவது சிங்கிள் வயர். எதைத் தாங்காது என்றாரோ அதையேதான் டபுள் வயர் விலைக்குத் தலையில் கட்டியிருக்கிறார். பக்கத்திலேயே 4கியூ17. 2017ஆம் வருஷக் கடைசியில் செய்த சரக்கு. ஆக்ஸா பிளேடால் நுனியை அறுத்தும் பார்த்துவிட்டேன், ஒரே ஒரு கம்பிப் பின்னல். அரை இஞ்சில் சிங்கிள் வயர் 160 பார் பிரஷர் தாங்கும், டபுள் வயர் 275 பார். ஆனால் அது உருவிக்கொண்டு வந்ததற்குக் காரணம் நிப்பிள் என்கிறார் எங்கள் ஊர் மெக்கானிக். ஒரு தடவை கிரிம்பிங் அடித்ததைப் பிரித்து மறுபடி அடித்தால் பிடிக்காதாம். எனக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்த லட்சணம் அது.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்கு நேரமும் இல்லை, மனசும் இல்லை. ஸ்பைரல் சுற்றுவதற்கு முன்னால் ஹோஸில் என்ன அச்சடித்திருக்கிறது என்று படியுங்கள், டபுள் வயர் என்றால் ஆர்2 இருக்க வேண்டும், வருஷமும் பாருங்கள். நிப்பிள், ஹோஸ் மேல் வைத்து நெரிக்கிற ஃபெரூல் வளையம் இரண்டும் புதுசாகக் கேளுங்கள். பில் வாங்குங்கள், ஜிஎஸ்டி சேர்ந்தால் சேரட்டும். கசிவு எங்கே என்று விரலை வைத்துத் தடவாதீர்கள், பிரஷரில் வருகிற ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், அட்டையை வைத்துப் பாருங்கள். நானே ஒரு வாரம் கட்டைவிரலை வைத்துத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1915க்குப் போன் போட்டு நுகர்வோர் புகார் கொடு என்கிறான் தம்பி. எதைக் காட்டிக் கொடுப்பது, காலண்டர் தாளையா? அதில் அன்றைக்குச் சந்திராஷ்டமம் யாருக்கு என்று மட்டும் தெளிவாகப் போட்டிருக்கிறது. என் ராசிதான்.