கனடாவா, ஜெர்மனியா?

பாளையங்கோட்டைப் பக்கம் வெளிநாட்டுப் படிப்பு என்றாலே கனடா என்றிருந்த காலம் மாறிவிட்டது. 2024 ஜனவரியில் அந்நாடு படிப்பு அனுமதிக்கு உச்சவரம்பு வைத்தது. டிப்ளமோ சேரக் கிளம்பியவர்களுக்குத்தான் முதல் அடி. அங்கே தங்கும் செலவுக்கென்று கையில் இருப்பதாகக் காட்ட வேண்டிய பணமும் அதே 2024இல் 10,000 கனடா டாலரிலிருந்து 20,635 ஆனது. கட்டணம் தனி. வயலை அடகு வைக்கிற வீட்டுக்கு இது கட்டுப்படியாகாது.

ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கட்டணம் வாங்குவதில்லை (பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் போய் ஏமாறாதீர்கள், அங்கே செமஸ்டருக்கு 1,500 யூரோ). விசாவுக்காக முடக்கக் கணக்கில் (மொத்தமாக எடுக்க முடியாத வங்கிக் கணக்கு) ஒரு வருடச் செலவுக்கு 11,904 யூரோ போடணும். அது மாதம் 992 வீதம் நம் கைக்கே திரும்பும். 2023-24இல் அங்குள்ள வெளிநாட்டு மாணவரில் இந்தியர்தான் முதலிடம். நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழுக்குப் பொறுமை வேண்டும், பகுதிநேர வேலைக்கு ஜெர்மன் வேண்டும்.

டொராண்டோவில் சித்தப்பா இருந்தால் கனடாவை யோசிக்கலாம். இன்ஜினியரிங் முடித்த பிள்ளைக்கு என் ஓட்டு ஜெர்மனிக்கே.