கிளிநொச்சியில் ஒரு ட்ரெட்மில் விற்பனை

அப்பாவும் அம்மாவும் கனடாவுக்கு வந்து சேர்ந்துவிட்டதால், கிளிநொச்சி வீட்டை ஒதுக்கி வாடகைக்கு விடும் வேலை இந்தமுறை என் தலையில் விழுந்தது. கட்டில், அலுமாரி எல்லாம் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்விட்டன. மிஞ்சியது அப்பாவின் ட்ரெட்மில். சீனி வருத்தத்துக்கு நடக்கச் சொன்னபோது யாழ்ப்பாணத்தில் புதிதாக வாங்கியது. அதில் நடந்ததை விடச் சாரம் காயப்போட்டதுதான் அதிகம்.

முகநூலில் படம் போட்டேன். "கடைசி விலை என்ன?" என்று கேட்கப் பலர் இருந்தார்கள், கேட்டதோடு சரி. புதுக்குடியிருப்பில் சின்னதாக ஜிம் நடத்தும் ஒரு தம்பி மட்டும் நேரில் வந்தார். ஏறி ஓடிப் பார்ப்பார் என்று நினைத்தால், முன்மூடியைத் திருகாணி கழற்றித் திறந்து மோட்டரை மணந்து பார்த்தார். பெல்ட்டின் அடியில் கைவிட்டுத் தடவினார். சிவப்புப் பாதுகாப்புச் சாவியை இழுத்து, உடனே நிற்கிறதா என்று பார்த்தார். தொழில் தெரிந்த ஆள். 1,30,000 ரூபா சொன்னேன், 1,15,000க்கு முடிந்தது. அப்புறம்தான் கேட்டார்: "அண்ணை, வித்த கடிதம் ஒண்டு எழுதித் தருவீங்கள்தானே?"

கனடாவில், ஸ்காபரோவில் நான் பழைய சைக்கிள் மெஷின் விற்றபோது காசு வந்தது, சாமான் போனது, அவ்வளவுதான். இங்கே தம்பிக்குக் காரணம் இருந்தது. பரந்தனில் திரும்பி ஏ35 வீதியால் பட்டா என்கிற சின்ன லொறியில் இரும்புச் சாமான் ஏற்றிப் போனால், பொலிஸ் மறித்து "யாருடையது?" என்று கேட்கலாம். களவுப் பொருள் இல்லை என்று காட்டக் கையில் ஏதாவது வேண்டும். நாளைக்கு ஜிம்மை மூடி விற்றாலும் அதே கடிதம் உதவும்.

அடுத்த கேள்வி இன்னும் கூர்மை. "வாங்கினது ஐயாதானே? நீங்கள் எப்பிடி விக்கிறது?" நியாயம்தான். உரிமை இல்லாதவர் விற்றால் பொதுவாக வாங்கியவருக்கும் உரிமை வராது. இலங்கையில் 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம் இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறது. காணி என்றால் நொத்தாரிசு, அற்றோணித் தத்துவம் (ஒருவர் சார்பில் இன்னொருவர் செயற்பட எழுதும் அதிகாரப் பத்திரம்) என்று அலைந்திருக்க வேண்டும். ட்ரெட்மில்லுக்கு அவ்வளவு வேண்டாம். "என் சார்பில் மகன் விற்கலாம்" என்று அப்பா கைப்பட எழுதிக் கையெழுத்திட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கடை பில்லின் பிரதி அம்மாவின் கோப்பில் இருந்தது. இடம்பெயர்ந்த சனம் காகிதம் எறியாது.

கடைத்தெருவில் தட்டச்சு, போட்டோகொப்பி செய்யும் ஒரு கொமினிகேஷனுக்குப் போனோம். தட்டச்சுச் செய்த தங்கச்சியிடம் உடற்பயிற்சிச் சாமானுக்கு மாதிரி இல்லை. யோசிக்காமல் மோட்டார் சைக்கிள் விற்பனைக் கடிதத்தைத் திறந்தார். எஞ்சின் இலக்கம் இருந்த இடத்தில் மொடல், செஸி இலக்கம் இருந்த இடத்தில் தொடர் இலக்கம். கச்சிதமாகப் பொருந்தியது! தொடர் இலக்க ஸ்டிக்கர் வயர் செருகும் இடத்துக்குக் கீழே, தூசிக்குள் கிடந்தது. ஈரத்துணியால் துடைத்துப் படம் எடுத்து வைத்திருந்தேன். அது இல்லாமல் "கறுப்பு நிற ட்ரெட்மில் ஒன்று" என்று எழுதினால் அந்தக் கடிதம் எந்த ட்ரெட்மில்லுக்கும் பொருந்தும்.

அப்பாவின் பழைய அடையாள அட்டை இலக்கம், தம்பியின் 12 இலக்க எண், எனக்குக் கனேடியக் கடவுச்சீட்டு இலக்கம், விலை எண்ணிலும் எழுத்திலும், பணம் முழுவதும் பெற்ற திகதி எல்லாம் ஏறின. லீசிங், கடன் எதுவும் இதன்மேல் இல்லை என்று ஒரு வரி. எனக்கு முக்கியமானது அடுத்தது: "உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது, உத்தரவாதம் இல்லை. கைப்பிடியில் இதயத்துடிப்புக் காட்டும் பகுதி வேலை செய்யாது." தெரிந்த பழுதை எழுதிவிடுவதுதான் விற்பவருக்குப் பாதுகாப்பு. ஒளித்துவிட்டு "உள்ளபடி" என்று மட்டும் போட்டால் வழக்கென்று வரும்போது நிற்காது. சித்தப்பா ஒருமுறை வாய்ப்பேச்சில் சைக்கிள் மெஷின் விற்க, வாங்கியவர் அடுத்த மாதமே "ஸ்கிரீன் வேலை செய்யேல்லை" என்று வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். காசைத் திருப்பிக் கொடுக்கும்வரை தொலைபேசி ஓயவில்லை.

25,000 ரூபாவுக்கு மேல் பெற்றதற்குப் பற்றுச்சீட்டென்றால் 25 ரூபா முத்திரை ஒட்ட வேண்டும். அதுவும் அங்கேயே இருந்தது. முத்திரைக்கு மேலால் கையெழுத்து, பக்கத்து வீட்டு மாமா சாட்சி, இரண்டு பிரதி. அத்தாட்சிப்படுத்தச் சமாதான நீதவானிடம் போகவேண்டுமா என்று கேட்டேன். "இதுக்கேன் அண்ணா?" என்று தங்கச்சி சிரித்தார். எல்லாம் சேர்த்து 300 ரூபா. வேலைக்கு அது மலிவு.

வயிற்றெரிச்சல் பட்டாக்காரரோடுதான். தொலைபேசியில் ஒரு விலை, ஏற்றியபிறகு "பாரம் கூட" என்று இன்னொரு விலை. கூடியதைத் தம்பியும் நானும் பாதிப்பாதி கொடுத்தோம். ஏற்றுக்கூலியையும் முதலே எழுத்தில், குறைந்தது ஒரு வாட்ஸ்அப் செய்தியிலாவது வாங்கிவிடுங்கள்.

சித்தப்பாவின் சைக்கிள் மெஷின் இன்னும் விறாந்தையில் நிற்கிறது. ஆள் கிடைத்தால், தங்கச்சியின் கணினியில் கோப்பு இருக்கிறது. பெயரையும் இலக்கங்களையும் மாற்றி, ஸ்கிரீன் பழுது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.