இணைத்தட்டு மின்தேக்கிக் கருவி: ஓராண்டுப் பயன்பாட்டிற்குப் பின்

பன்னிரண்டாம் வகுப்பு ஆய்வகத்திற்காகச் சென்ற ஆண்டு நாங்கள் வாங்கிய, மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் இக்கருவியில், 20 செ.மீ. விட்டமுள்ள இரண்டு அலுமினியத் தட்டுகள் அக்ரிலிக் தாங்கிகளின் மீது எதிரெதிரே நிற்கின்றன. அவற்றுள் ஒன்றை மில்லிமீட்டர் அளவுகோலின் மேல் நகர்த்தலாம். நகரும் தட்டு சற்றும் சாய்வதில்லை. 2 மி.மீ. இடைவெளியில் சிறு கோணலும் அளவீட்டைக் கெடுத்துவிடும் என்பதால், இந்த ஒன்றுக்காகவே செய்தவரைப் பாராட்டுகிறேன்.

மின்தேக்குத்திறன் என்பது ஒரு வோல்ட் மின்னழுத்தத்திற்குத் தட்டில் சேரும் மின்னூட்டம்; அதன் சிற்றலகு பிக்கோஃபாரட். இணைப்புக் கம்பிகளுக்கு உரிய 29 பிக்கோஃபாரடைக் கழித்த பின், அது 2 மி.மீ. இடைவெளியில் 145, 4 மி.மீ.இல் 75, 10 மி.மீ.இல் 33 பிக்கோஃபாரட் என வந்தது. தட்டின் பரப்பையும் இடைவெளியையும் கொண்டு கணக்கிடும் சூத்திரம் தருவதோ 139, 70, 28. இது கருவியின் பிழையன்று. தட்டின் ஓரங்களில் மின்புலக் கோடுகள் வெளியே வளைவதைச் சூத்திரம் கணக்கில் கொள்வதில்லை, இடைவெளி கூடக்கூட அந்த வளைவின் பங்கும் கூடுகிறது.

குறை கையேட்டில் இருக்கிறது. மின்கலத்தைத் துண்டித்துவிட்டுத் தட்டுகளை விலக்கினால் மின்னழுத்தம் உயர்வதை மல்டிமீட்டரில் காணலாம் என்று அது சொல்கிறது, காண முடியாது. மல்டிமீட்டரின் உள்மின்தடை பொதுவாக 10 மெகாஓம் என்பதால், ஏறத்தாழ 140 பிக்கோஃபாரடில் சேர்ந்த மின்னூட்டத்தில் 63 விழுக்காடு 1.4 மில்லிவினாடியிலேயே அதன் வழியாக வடிந்துவிடும். ஒரு பிற்பகல் முழுவதும் சுழியத்தையே பார்த்த மாணவர்கள் பாடநூலைச் சந்தேகிக்கத் தொடங்கினார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தமளித்தது.

மறுநாள் நிலைத்தட்டைத் தங்க இலை மின்காட்டியுடன் (மின்னழுத்தம் கூடக்கூட இதன் மெல்லிய இலை விரியும்) இணைத்து, நகரும் தட்டைப் புவியுடன் இணைத்தோம். கம்பளியில் தேய்த்த எபோனைட் (கடின ரப்பர்) தண்டால் நிலைத்தட்டிற்கு மின்னூட்டம் கொடுத்தபோது இலை இலேசாகத்தான் விரிந்தது. தட்டை மெல்ல விலக்க, இலை மேலும் மேலும் எழுந்தது. மீண்டும் நெருக்க, தாழ்ந்தது. மின்னூட்டம் மாறாதிருக்க, மின்தேக்குத்திறன் குறைவதால் மின்னழுத்தம் ஏறுகிறது. ஒன்றையொன்று ஈர்க்கும் தட்டுகளைப் பிரிக்கக் கை செய்யும் வேலையே கூடுதல் ஆற்றலாகிறது. நுண்ணிய மின்னழுத்தங்களைக் கண்டறிய 1782ஆம் ஆண்டில் இத்தாலிய இயற்பியலாளர் வோல்ட்டா கையாண்ட வழியும் இதுவே. மின்கலம் இணைந்தே இருந்தால் மின்னழுத்தம் மாறாது, மின்னூட்டம்தான் குறையும் என்பதையும் உடன் விளக்கிவிட வேண்டும்.

மழைக்காலத்தில் அக்ரிலிக்கின் மேல் படியும் ஈரத்தின் வழியாக மின்னூட்டம் கசிகிறது. முடி உலர்த்தியின் வெப்பக் காற்றைத் தாங்கிகளின் மீது சில நிமிடங்கள் செலுத்தினால் சரியாகிவிடுகிறது. பள்ளிகள் இக்கருவியைத் தயங்காமல் வாங்கலாம். ஆனால் மின்காட்டி இதனுடன் வருவதில்லை, அதையும் சேர்த்தே வாங்குங்கள்.