பிளாக் எங்கே என்று முதலில் கேளுங்கள்

"பரவிய புற்றுநோய், ஆரம்ப இடம் தெரியவில்லை" என்று ரிப்போர்ட் வந்து திகைத்து நிற்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். பிளாக் என்பது பயாப்ஸியில் எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்த துண்டு. அம்மா விஷயத்தில் எங்களுக்கு ஒன்பது வாரமும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் பணமும் போனது. பணம் போகட்டும், அந்த ஒன்பது வாரம்தான் மனதை விட்டு அகலவில்லை.

அம்மாவுக்கு 61 வயது. இடது அக்குளில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. வலிக்கவில்லை என்பதால் நாலு மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டார். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் தடித்த ஊசியால் திசு எடுக்கும் ட்ரூகட் பயாப்ஸி செய்தார்கள். 'மெட்டாஸ்டாடிக் அடினோகார்சினோமா', அதாவது பரவிய சுரப்பித் திசுப் புற்றுநோய் என்று ஒரே வரி. வேறெங்கோ தொடங்கி அக்குளுக்கு வந்திருக்கிறது, தொடங்கிய இடம் தெரிந்தால்தான் மருந்தை முடிவு செய்யலாம் என்றார்கள். அது சரிதான். அப்புறம் நடந்தது எதுவுமே சரியில்லை.

முதலில் ரத்தத்தில் புற்றுநோய்க் குறியீடுகளைப் பார்க்கும் டியூமர் மார்க்கர் பேக்கேஜ். அதில் சிஏ 19-9 என்ற குறியீடு கொஞ்சம் கூடுதல் என்று எண்டோஸ்கோப்பி செய்தார்கள். வயிற்றில் ஒன்றுமில்லை. பித்தக்குழாய் அடைப்பிலும், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும்கூட அந்த அளவு ஏறும் என்று யாரும் சொல்லவில்லை. அடுத்து, சர்க்கரையை அதிகம் இழுக்கும் இடங்களைப் பளிச்சென்று காட்டும் பெட் ஸ்கேன். அக்குளும் முதுகெலும்பில் ஒரு புள்ளியும் தெரிந்தன, கூடவே பெருங்குடல் நெடுகப் பளிச்சென்று தெரிந்தது. உடனே கொலோனோஸ்கோப்பி. முந்தைய இரவு பேதி மருந்தைக் குடித்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே அம்மா பாத்ரூமுக்கும் கட்டிலுக்கும் விடிய விடிய நடந்தார். குடலிலும் ஒன்றுமில்லை. அம்மா பத்து வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர். அந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு பெட் ஸ்கேனில் குடல் அப்படித் தெரிவது வழக்கமாம். ஸ்கேன் படிவத்தில் மாத்திரையின் பெயரை என் கையால்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். அதை யாரும் பார்க்கவில்லை.

அதன்பிறகுதான் பில்லிங் கவுன்டர் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். டாக்டர் இல்லை, கோஆர்டினேட்டர். "ஜீன் டெஸ்ட் சார், ரத்தத்துலயே எங்க ஆரம்பிச்சதுன்னு கரெக்டா சொல்லிடும்" என்றார். 78,000 ரூபாய். அக்கா வளையலை அடகு வைத்துக் கட்டினோம். 24 நாள் கழித்து 11 பக்க ரிப்போர்ட் வந்தது. ஒன்பதாம் பக்கத்தில் பொடி எழுத்தில், 'ஆரம்ப இடத்தை உறுதி செய்ய இயலவில்லை, திசுப் பரிசோதனையுடன் ஒப்பிடவும்' என்று இருந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டால், "டெஸ்ட் பண்ணியாச்சே சார்" என்றார்.

சித்தி பையன் லேப் டெக்னீஷியன். அவன் வற்புறுத்தித்தான் அரசு மருத்துவமனைக்குப் போனோம். அங்கே அந்த டாக்டரம்மா ஃபைலை ஒரு தடவை புரட்டிவிட்டு இரண்டே கேள்வி கேட்டார்: "மேமோகிராம் எங்கே? ஐஎச்சி எங்கே?" முதலாவது மார்பக எக்ஸ்ரே, அடுத்தது பயாப்ஸி திசுவில் செய்யும் சாயச் சோதனை. இரண்டுமே எடுக்கவில்லை. ஒரு பெண்ணுக்கு அக்குளில் அடினோகார்சினோமா வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மார்பகத்தைத்தானாம். "பயாப்ஸி பிளாக்கை வாங்கிட்டு வாங்கப்பா" என்றார்.

பழைய லேபில் இரண்டு நாள் அலையவிட்டார்கள். எழுத்தில் மனு கொடுத்த பிறகுதான் கையில் தந்தார்கள். தீப்பெட்டியைவிடச் சின்ன பிளாஸ்டிக் கேசட், அதில் வெள்ளை மெழுகு, மெழுகுக்குள் நூல் துண்டு போல மங்கிய பழுப்பில் மூன்று கீற்று. ஓரத்தில் பென்சிலில் எழுதிய நம்பர். எங்களுக்கு வேண்டிய பதில் அந்த மூன்று கீற்றில் இருந்தது, அது ஒன்பது வாரமாக அலமாரியில் கிடந்திருக்கிறது.

மெழுகிலிருந்து மெல்லிசாகச் சீவி, குறிப்பிட்ட புரதங்கள் இருக்கின்றனவா என்று சாயம் ஏற்றிப் பார்ப்பதுதான் ஐஎச்சி. டிடிஎஃப்-1 இருந்தால் நுரையீரல் அல்லது தைராய்டு பக்கம் போகும், சிடிஎக்ஸ்2 குடல் பக்கம். அம்மாவுக்கு இரண்டும் இல்லை. மார்பகத்தைச் சுட்டும் காட்டா3, ஈஆர் இரண்டும் பாசிட்டிவ். மார்பகம். வெளி லேபில் 6,500 ரூபாய் ஆனது. மேமோகிராமில் ஒன்றும் பிடிபடவில்லை, எம்ஆர்ஐயில் 8 மில்லிமீட்டரில் ஒரு புள்ளி தெரிந்தது. "எங்கேருந்து வந்துச்சுன்னு இப்பவாவது தெரிஞ்சுதாப்பா?" என்று அம்மா கேட்டபோது எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

ஜீன் டெஸ்ட் எல்லாமே பித்தலாட்டம் என்று சொல்லமாட்டேன். திசுவில் செய்யும் சில சோதனைகள் சிலருக்கு மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவுகின்றன. ஆனால் ஐஎச்சி செய்யாமலேயே அதற்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஊசியில் உறிஞ்சி எடுக்கும் எஃப்என்ஏசி மட்டும் செய்திருந்தால், ஐஎச்சிக்குத் திசு போதுமா என்று கேளுங்கள். பல நேரம் போதாது. ஆரம்ப இடம் கடைசிவரை பிடிபடாதவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் சிகிச்சை உண்டு. அதனால் 'கண்டிப்பாகக் கண்டுபிடித்துத் தருகிறோம்' என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள்.

அம்மா இப்போது ஹார்மோன் மாத்திரையில் இருக்கிறார், கட்டி சுருங்கியிருக்கிறது. 78,000 இன்னும் வரவில்லை. ரசீதும் அந்த ஒன்பதாம் பக்கமும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது.