ஆய்வேட்டுக்குப் புள்ளியியல் போட்டுத் தரும் கம்பம் கடை: ஒரு மதிப்பீடு

கம்பம் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள இந்தக் கடையில், ஆய்வேடு எழுதும் மாணவர்களுக்குத் தேவையான தட்டச்சு, தரவுப் பதிவு, எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் பகுப்பாய்வு, அச்சு, பைண்டிங் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கின்றன. தேனி மாவட்டக் கல்லூரி மாணவர்களோடு, குமுளி வழியாக மலையிறங்கி வரும் இடுக்கி மாவட்டத்துச் செவிலியர் மாணவிகளும் பி.எட். மாணவர்களும் இங்கே வருகிறார்கள் என்பதால், தமிழ், மலையாளம் ஆகிய இரு மொழிகளிலும் தட்டச்சு செய்யத் தெரிந்தவர்கள் பணியில் இருக்கிறார்கள். குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் கடையின் பெயரைத் தவிர்க்கிறேன். இதே முறையில் இயங்கும் கடைகள் எல்லைப்புற ஊர்களில் வேறு பல இருப்பதால், பெயர் இல்லாமலும் இந்த மதிப்பீடு பயன்படக்கூடும்.

முதலில் நிறையைச் சொல்ல வேண்டும். தரவுப் பதிவில் இவர்கள் காட்டும் கவனத்தைப் பல கல்லூரிக் கணினி ஆய்வகங்களில்கூட நான் கண்டதில்லை. என்னிடம் ஆய்வு செய்யும் மாணவி ஒருவர், கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஜீப்பில் ஏறி இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்கு நாள்தோறும் சென்று திரும்பும் பெண்களையும், தோட்டத்து லயங்கள் எனும் வரிசை வீடுகளிலேயே தங்கி வேலை செய்யும் பெண்களையும் தூக்கத்தின் அடிப்படையில் ஒப்பிட்டு வந்தார். இரு மொழிகளிலும் அச்சிட்ட கேள்வித்தாள்களைப் பதிவுக்குக் கொடுத்தபோது, தூக்கம் எந்த அளவுக்கு நிறைவாக இருக்கிறது என்று கேட்கும் ஐந்து நிலைக் கேள்வியின் விடைகள் மலையாளப் படிவத்தில் தலைகீழ் வரிசையில் அச்சாகியிருப்பதைப் பதிவு செய்த பெண்ணே கண்டுபிடித்து, வேலையை நிறுத்திவிட்டுத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். மலையாளப் படிவத்தை நிரப்பியவர்கள் லயங்களில்தான் அதிகம் என்பதால், அந்தப் பிழை அப்படியே போயிருந்தால் இரு குழுக்களுக்கும் இடையில் இல்லாத ஒரு வேறுபாடு முளைத்திருக்கும். எந்தப் புள்ளியியல் சோதனையும் அதைப் பிழை என்று காட்டிக்கொடுக்காமல், குறிப்பிடத்தக்க வேறுபாடு என்றே சான்று கொடுத்திருக்கும். கொடுத்த பணம் இந்த ஓர் அழைப்பிலேயே திரும்பிவிட்டது என்று சொல்வேன்.

பகுப்பாய்வு என்று வரும்போது நிலைமை மாறுகிறது. மாணவியின் முதன்மைக் கேள்வி, இரு குழுக்களின் சராசரித் தூக்க நேரம் வேறுபடுகிறதா என்பதுதான். குழுவுக்கு 40 பேர். சென்று திரும்பும் பெண்கள் சராசரியாக 25 நிமிடம் குறைவாகத் தூங்குகிறார்கள். தூக்க நேரம் சராசரியிலிருந்து ஆளுக்கு ஆள் எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் திட்ட விலக்கம் இரு குழுக்களிலும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். இரு சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனையில், வேறுபாடு எந்தத் திசையில் இருந்தாலும் கணக்கில் கொள்ளும் இருபுறப் பி-மதிப்பு 0.08 என்று வந்தது. உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவோ இதைவிடப் பெரிதோ ஆன வேறுபாடு தற்செயலாகத் தோன்றும் வாய்ப்புதான் பி-மதிப்பு; அது 0.05-க்குக் கீழே இருந்தால்தான் வேறுபாட்டைக் குறிப்பிடத்தக்கது என்று சொல்வது வழக்கம். இதைப் பார்த்த கடைக்காரர், மாணவியின் முகம் வாடுவதைப் பொறுக்காமல், "ஒன் டெயில் போட்டுருவோம் தங்கச்சி, 0.04 வந்துரும், கைடெல்லாம் அதக் கேக்க மாட்டாங்க" என்றாராம். அந்தக் கைடு நான்தான்.

அவர் சொன்ன கணக்கில் பிழை இல்லை. வேறுபாடு நாம் எதிர்பார்த்த திசையில் இருந்தால், அந்த ஒரு திசையை மட்டும் பார்க்கும் ஒருபுறச் சோதனையின் (கடைக்காரர் சொன்ன ஒன் டெயில்) பி-மதிப்பு இருபுறச் சோதனையினுடையதில் பாதியாகத்தான் வரும். ஒருபுறச் சோதனை தன்னளவில் தவறானதும் அன்று. விடியுமுன் ஜீப்புக்குக் காத்திருக்கும் பெண்கள் குறைவாகத்தான் தூங்குவார்கள் என்று ஆய்வுத் திட்டத்திலேயே எழுதி, எதிர்த்திசை வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை என்று முன்கூட்டியே முடிவெடுத்திருந்தால் அதைத் தாராளமாகப் பயன்படுத்தியிருக்கலாம். ஆனால் திட்டத்தில் இருந்தது இருபுறக் கருதுகோள். விடையைப் பார்த்த பிறகு சோதனையை மாற்றுவது, 8 மி.மீ. சல்லடையில் நிற்காத ஏலக்காயை 7 மி.மீ. சல்லடையில் நிறுத்தி, மூட்டையின் மேல் முதல் தரம் என்று எழுதுவதற்கு ஒப்பானது. உண்மையில் வேறுபாடே இல்லாத நிலையிலும் வேறுபாடு உண்டென்று அறிவித்துவிடும் முதல் வகைப் பிழையை நூற்றுக்கு ஐந்துக்குள் அடக்குவதாகச் சொல்லிக்கொண்டே பத்து வரை அனுமதிக்கிறோம் என்பதுதான் அதன் பொருள். புள்ளியியலாளர்கள் நேமனும் ஈகான் பியர்சனும் 1933-இல் இச்சோதனைகளுக்குக் கணித அடித்தளம் அமைத்தபோது, பிழையின் எல்லையும், எந்த விடை வந்தால் வேறுபாடு இல்லை என்பதை மறுப்பது என்ற நிராகரிப்புப் பகுதியும் தரவைப் பார்ப்பதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும் என்பதன் மேல்தான் அதைக் கட்டினார்கள். அந்த 0.05 கூட இயற்கை வகுத்த எல்லை அன்று. புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் 1925-இல் வெளியிட்ட நூலில், இருபதில் ஒன்று என்பதை வசதியான ஓர் அளவாகக் குறித்தார், நம் துறைத் தலைவர்கள் அதைச் சட்டமாக்கிக்கொண்டார்கள்.

கடைக்காரரை மட்டும் குறை சொல்வதும் சரியாகாது. அவருடைய கட்டண முறையே இந்தப் போக்கை வளர்க்கிறது. பக்கக் கணக்கில் தட்டச்சுக்கும், அட்டவணைக் கணக்கில் பகுப்பாய்வுக்கும் பணம் வாங்குகிறார்கள். அட்டவணைக்குக் காசு என்றால் அட்டவணைகள் பெருகத்தானே செய்யும்? மாணவி கேட்டது விரல் விட்டு எண்ணக்கூடிய சில கேள்விகள். கைக்கு வந்த கோப்பில் வயது, கல்வி, குடும்ப வகை, கூலி, பிள்ளைகளின் எண்ணிக்கை என்று கிடைத்த ஒவ்வொரு பின்னணி விவரத்தையும் தூக்கத்தோடு மோதவிட்ட கை-வர்க்கச் சோதனைகளும் (வகைகளுக்கிடையே தொடர்பு பார்ப்பவை) அனோவாக்களும் (பல குழுக்களின் சராசரிகளை ஒப்பிடுபவை) நிறைந்திருந்தன. எந்தத் தொடர்பும் இல்லாத தரவில் ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளை 0.05 அளவில் நடத்தினால், ஒன்றாவது குறிப்பிடத்தக்கது என்று பொய்யாக வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 64 விழுக்காடு. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு முடிவுரை எழுதப்பட்ட ஆய்வேடுகளைப் புறத்தேர்வாளராக நான் படித்திருக்கிறேன். 20 சோதனைகள் அவசியம்தான் என்றால், எல்லையைச் சோதனைகளின் எண்ணிக்கையால் வகுக்கும் போன்ஃபெரோனி முறைப்படி அதை 0.0025-க்கு இறக்க வேண்டும். கேட்டால் கடையில் இதைச் செய்து தருகிறார்கள், கேட்காவிட்டால் செய்வதில்லை. மற்ற இடங்களிலும் இதே கதைதான் என்று ஆறுதல் கொள்ளலாம்: உளவியல் இதழ்களில் வெளியான 100 ஆய்வுகளை மீண்டும் செய்துபார்த்துப் பன்னாட்டுக் குழு ஒன்று 2015-இல் வெளியிட்ட அறிக்கையில், மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு குறிப்பிடத்தக்க முடிவைக் காட்டியிருக்க, மறு ஆய்வுகளில் 36 விழுக்காடு மட்டுமே அப்படிக் காட்டின.

அட்டவணைக்குக் கீழே இலவசமாக ஒட்டித் தரும் விளக்கப் பத்தியை மட்டும் எவரும் அப்படியே பயன்படுத்த வேண்டாம். பி-மதிப்பு 0.03 என்றால் கருதுகோள் 97 விழுக்காடு உண்மை என்றும், 0.05-ஐத் தாண்டினால் இரு குழுக்களுக்கும் வேறுபாடு இல்லை என்று நிரூபணமாகிவிட்டது என்றும் ஆயத்த வாசகங்கள் வைத்திருக்கிறார்கள். இரண்டும் தவறு. உண்மையில் வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டால், நமக்குக் கிடைத்த அளவிலோ அதைவிடப் பெரிதாகவோ ஒரு வேறுபாடு தற்செயலாகத் தோன்ற எவ்வளவு வாய்ப்பு என்பதை மட்டுமே பி-மதிப்பு சொல்கிறது. கருதுகோள் உண்மையாக இருப்பதற்கான வாய்ப்பை அது சொல்வதில்லை என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இல் தனி அறிக்கையே வெளியிட வேண்டியிருந்தது. இன்னொரு சிறு குறை: பழைய எஸ்.பி.எஸ்.எஸ். பதிப்பு காட்டும் 0.000 என்ற எண்ணை அப்படியே அச்சடித்துவிடுகிறார்கள். நிகழ்தகவு சுழியமாகிவிட்டது என்று அதற்குப் பொருளில்லை, 0.001-க்கும் குறைவு என்று எழுதச் சொல்லுங்கள்.

மாணவியின் விடைக்கு வருகிறேன். 0.08 என்பதை மாற்றாமல், அதனுடன், உண்மையான வேறுபாடு எந்த எல்லைகளுக்குள் இருக்கக்கூடும் என்று காட்டும் 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளியையும் சேர்க்கும்படி எழுதி அனுப்பினேன். முகம் சுளிக்காமல், கூடுதல் கட்டணமும் கேட்காமல், மறுநாளே செய்து கொடுத்தார்கள். சென்று திரும்பும் பெண்கள் 53 நிமிடம் வரை குறைவாகத் தூங்கக்கூடும், அல்லது 3 நிமிடம் அதிகமாகவும் தூங்கக்கூடும் என்பது அந்த இடைவெளியின் செய்தி. வேறுபாடு இல்லை என்று இதை வைத்து யார் சொல்ல முடியும்? பெரிய வேறுபாடு இருப்பதற்கு இடமிருக்கிறது, அதை உறுதியாகச் சொல்ல 40 பேர் போதவில்லை, அவ்வளவுதான். ஆய்வேட்டில் அப்படியே எழுதினோம்.

இந்தக் கடையில் இல்லாத சேவை, ஆய்வு தொடங்கும் முன்பே தேவைப்படும் மாதிரி அளவுக் கணக்கு. கேள்வித்தாள்கள் நிரம்பி வந்த பிறகே இவர்கள் வேலை தொடங்குகிறது. திட்ட விலக்கம் ஒரு மணி நேரமாக இருக்கும்போது அரை மணி நேர வேறுபாட்டை நூற்றுக்கு எண்பது முறையாவது கண்டுபிடிக்க வேண்டுமானால், 0.05 அளவிலான இருபுறச் சோதனைக்குக் குழுவுக்கு 64 பேர் வேண்டும். 12 நிமிட வேறுபாட்டைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் குழுவுக்கு 390 பேருக்கு மேல் தேவைப்படும். டுசல்டார்ஃப் பல்கலைக்கழகத்தின் ஜி-பவர் என்ற இலவச மென்பொருளில் இதைச் சில நிமிடங்களில் கணக்கிட்டுவிடலாம். இதையும் விலைப் பட்டியலில் சேர்க்கும்படி கடைக்காரரிடம் சொன்னேன்; அட்டவணை இல்லாத வேலைக்கு எப்படிக் காசு வாங்குவது என்று உண்மையான குழப்பத்தோடு கேட்டார்.

பைண்டிங் உறுதியாக இருக்கிறது, மேலட்டையில் எழுத்துப்பிழை இல்லை. ஆய்வேடு சமர்ப்பிக்கும் மாதங்களில் கூட்டம் அதிகம் என்பதால், தரவுப் பதிவை முன்கூட்டியே கொடுத்துவிடுவது நல்லது. போகும்போது, முதன்மைக் கேள்வி எது, எந்தச் சோதனை, ஒருபுறமா இருபுறமா, எத்தனை அட்டவணை என்பதை ஒரு தாளில் எழுதி, கைடின் கையொப்பத்தோடு கொண்டுசெல்லுங்கள். கையொப்பமிட்ட தாளைக் கண்டால், அதில் இல்லாத எதையும் அவர்கள் செய்வதில்லை.